வாசிக்கும் ஆசை, கேட்கும் காது

கேள்வி: சத்தமாக வாசிப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடநூல்களைப் பதிவு செய்து தர விரும்புகிறேன். நல்ல மைக் ஒன்று வாங்கிவிட்டால் போதுமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: மைக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கேட்கப்போகிற மாணவரை முதலில் கண்டுபிடியுங்கள். பக்கத்தில் உள்ள கல்லூரியிலோ பார்வையற்றோர் பள்ளியிலோ போய், எந்தப் பாடம், எந்தப் பதிப்பு, தேர்வு எப்போது என்று கேளுங்கள். உங்களுக்குப் பிடித்த நாவலைப் பதிவு செய்துவிட்டு ஆள் தேடினால் அது உங்கள் கணினியிலேயே கிடக்கும். ஒரு மணி நேர ஒலிக்கு, முன்கூட்டிப் படித்துப் பார்ப்பது, திருத்துவது எல்லாம் சேர்த்து இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும். அதைக் கணக்கிட்டு, தேர்வுக்கு முன்னால் முடியும் என்றால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். பாதியில் நிற்கிற பதிவால் ஏமாறுவது அந்த மாணவர்தான்.

துணி நிறைந்த பீரோ, மெத்தை, திரைச்சீலை உள்ள படுக்கையறை போதும்; எதிரொலியைத் துணி உறிஞ்சிவிடும். ஃபேனை நிறுத்துங்கள், போனை ஃப்ளைட் மோடில் வையுங்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர் எதிரே இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கட்டும். நேரே வைத்தால் 'ப' வரும்போதெல்லாம் காற்று மோதி 'டப்' என்று அடிக்கும். ஒலியைப் பதிவு செய்து வெட்டித் திருத்த உதவும் ஆடாசிட்டி மென்பொருள் இலவசம். அதில் தெரியும் ஒலி அளவுமானியில் குரலின் உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவில் நிற்கட்டும். குறைந்த ஒலியைக் கூட்டிக்கொள்ளலாம். அளவு மீறி உடைந்த ஒலியை ஒட்டவைக்க முடியாது. தப்பாக வாசித்தால் பதிவை நிறுத்தாமல் ஒரு கைதட்டு தட்டிவிட்டு, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து வாசியுங்கள். கைதட்டிய இடம் திரையில் ஊசிபோல் நீட்டிக்கொண்டு நிற்கும், வெட்டுவது சுலபம்.

மோனோ (ஒற்றைத் தட ஒலி), 64 கேபிபிஎஸ் (ஒரு நொடி ஒலிக்கான தரவு அளவு) எம்பி3-யாகச் சேமித்தால் ஒரு மணி நேரம் சுமார் 29 எம்பி. அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு, பெயரின் தொடக்கத்தில் 01, 02 என்று எண். வெறும் 1, 2 என்று போட்டால் பல கருவிகளில் 1-க்கு அடுத்து 10 வந்து நிற்கும்.

வாசிப்பில் எல்லோரும் தடுமாறுவது அட்டவணையில்தான். 'மூன்று பத்தி, ஐந்து வரிசை' என்று முதலில் சொல்லுங்கள் (பத்தி என்பது மேலிருந்து கீழே போவது, வரிசை இடமிருந்து வலம் போவது). பிறகு ஒவ்வொரு வரிசைக்கும் பத்திகளின் தலைப்பைத் திரும்பச் சொல்லி வாசியுங்கள்: 'ஆண்டு 1806, இடம் வேலூர், நிகழ்ச்சி சிப்பாய்ப் புரட்சி.' தலைப்பை விட்டுவிட்டால் நாலாவது வரிசைக்குள் எது எந்தப் பத்தி என்பது கேட்பவருக்கு மறந்துபோகும். பக்கம் மாறும்போது பக்க எண்ணைச் சொல்லுங்கள். வகுப்பில் ஆசிரியர் '47-ஆம் பக்கம்' என்றால் பதிவைக் கேட்கும் மாணவரும் அங்கே போக வேண்டும். நடிப்பு வேண்டாம். ல, ள, ழ மட்டும் பிசகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேகத்தைக் கேட்பவரே கூட்டிக்கொள்வார், தெளிவைக் கூட்ட அவரால் முடியாது.

கேள்வி: பதிவு செய்ததை யூடியூபில் போட்டால் நிறையப் பேருக்குப் போய்ச் சேருமே?
- வாசகர், மதுரை

பதில்: பதிப்புரிமை உள்ள நூலை அப்படிப் போடாதீர்கள். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் வந்த திருத்தம், அச்சில் படிக்க முடியாதவர்களுக்காக நூலை ஒலிவடிவம் உள்ளிட்ட வடிவங்களுக்கு மாற்ற அனுமதி தருகிறது. அந்தச் சலுகை அவர்களுக்கு மட்டும். எல்லோரும் கேட்கும்படி வெளியிட்டால் அது சலுகைக்குள் வராது. மாணவரிடம் நேரடியாகக் கொடுங்கள், அல்லது பார்வையற்றோருக்காக இயங்கும் இலாப நோக்கற்ற அமைப்பு வழியாகக் கொடுங்கள். பாரதியார் நூல்கள் போல நாட்டுடைமையானவற்றைத் தாராளமாகப் பொதுவில் வைக்கலாம்.

கேள்வி: இப்போது கணினியே வாசித்துவிடுகிறதே. மனிதக் குரல் எதற்கு?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஒருங்குறியில் (யூனிகோட்) பிழையில்லாமல் இருக்கும் உரையை, என்விடிஏ போன்ற இலவசத் திரைவாசிப்பான் (திரையில் உள்ள எழுத்தைக் குரலில் சொல்லும் மென்பொருள்) நன்றாகவே வாசிக்கிறது, பல மாணவர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள். ஆனால் மாணவர் கைக்கு வருவது பெரும்பாலும் போட்டோ எடுத்த பக்கங்கள், இல்லாவிட்டால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த குறிப்புகள். பாமினியில் 'அம்மா' என்று நம் கண்ணுக்குத் தெரிவது, உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச். திரைவாசிப்பானுக்கு அந்த ஆங்கில எழுத்துகள்தான் தெரியும்.

ஆகவே, குரலைவிடத் தட்டச்சில் ஆர்வம் அதிகம் என்றால் அதுவும் பெரிய உதவி. பழைய குறிப்புகளை எழுத்துரு மாற்றியில் போட்டு ஒருங்குறியாக்குங்கள். பிறகு மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். ஆங்கிலச் சொல் கலந்த இடங்களில்தான் மாற்றி சொதப்பும், அந்தச் சொற்களையும் தமிழ் எழுத்தாக்கிக் குழப்பிவிடும். தலைப்புகளை வெறும் தடித்த எழுத்தாக விடாமல் வேர்டில் 'தலைப்பு' பாணியாக அமையுங்கள். என்விடிஏவில் எச் விசையைத் தட்டித் தலைப்புக்குத் தலைப்பு தாவ முடிவது அப்போதுதான்.