கடல் மீன் தொட்டிக்குக் கல் உப்பு போதுமா?

கேள்வி: வீட்டில் கடல் மீன் வளர்க்க ஆசை. இரண்டடி நீளத் தொட்டி ஒன்றுக்கு விலை பேசியிருக்கிறேன். போர் தண்ணீரில் கல் உப்பைக் கரைத்தால் போதும், அன்றைக்கே மீனும் விடலாம் என்கிறார் கடைக்காரர். பையன் கோமாளி மீனும் கடல் குதிரையும் கேட்கிறான். நம்பி வாங்கலாமா?
– வாசகர், சத்துவாச்சாரி, வேலூர்

பதில்: தொட்டியை வாங்குங்கள். மீனை இப்போது வாங்காதீர்கள்.

கல் உப்பு ரசத்துக்குத்தான் சரி. உப்பளத்தில் தண்ணீர் வற்றும்போது கால்சியம் முதலிலேயே ஜிப்சமாகப் படிந்துவிடும். மெக்னீசியம் கடைசியில் வடித்துவிடும் கசப்பு நீரோடு போய்விடும். மிஞ்சுவது பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். மீன் தொட்டிக்கென்றே விற்கும் கடல் உப்புக் கலவையைக் கேளுங்கள். லிட்டருக்குச் சுமார் 35 கிராம். அகலமும் உயரமும் ஒன்றரை அடி என்றால் தொட்டி ஏறக்குறைய 127 லிட்டர் பிடிக்கும். நாலரை கிலோ வேண்டும்.

நம்மூர் போர் தண்ணீர் குக்கருக்குள் விடும் வெள்ளைப் படிவைப் பார்த்திருப்பீர்கள். அது வேண்டாம், ஆர்.ஓ. தண்ணீர்தான். சுவைக்காக மினரல் சேர்க்கும் மெஷினாக இருந்தால் அதற்கு முன்பே தண்ணீரைப் பிடிக்க வேண்டும்.

அன்றைக்கே மீன் விட்டால் அதன் கழிவில் வரும் அம்மோனியாவே அதைக் கொன்றுவிடும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா வளர 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மீன் இல்லாமலே ஃபில்டரை ஓடவிட்டு, ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டு வாருங்கள்; அது அழுகி வரும் அம்மோனியாதான் பாக்டீரியாவுக்கு உணவு. டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகு மீன்.

வேலூரில் பெரிய செலவு வெயில்தான். தண்ணீர் 26 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். கத்திரியில் சின்ன மின்விசிறியால் இரண்டு, மூன்று டிகிரி குறையும், அதற்கு மேல் சில்லர் என்கிற தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின்தான். தொட்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் சில்லர் விலையைக் கேட்டுவிடுங்கள். விசிறி ஓடினால் தண்ணீர் வேகமாக வற்றும், உப்பு வற்றாது. என் முதல் கோடையில் குறைந்ததற்கு உப்புத் தண்ணீரையே ஊற்றி இரண்டு மீனைப் பறிகொடுத்தேன். இப்போது கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு; அது வரைக்கும் வெறும் ஆர்.ஓ. தண்ணீர். உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025 காட்டினால் சரி.

கடல் குதிரை பேச்சே வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, பவளப்பாறையும் அப்படித்தான். வாங்குபவர் மீதும் வழக்கு வரும். கோமாளி மீனுக்குத் தடையில்லை, பண்ணையில் பொரித்ததாகக் கேளுங்கள்.

அப்புறம், தொட்டிக்கு ரசீது வாங்குங்கள், ஒழுகினால் மாற்றித் தருவதாக அதிலேயே எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் வெறும் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் முழுக்க வைத்துப் பாருங்கள். கடைக்காரர் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.