வெட்கம், நாணம், முகம் சிவக்கிறது: கேள்வி பதில்

கேள்வி: ஒரு இங்கிலீஷ் கதைய மொழிபெயர்க்கிறேன். 'பிளஷ்' (வெட்கத்துல முகம் சிவக்கிறது) வர்ற இடத்துல 'முகம் சிவந்தாள்'னு போடலாமா?

பதில்: வேணாங்க. முகம் செவந்துச்சுன்னா நம்ம காதுல முதல்ல கோவம்தான் விழும். கன்னம் சிவந்தாள்னா வெட்கம்னு புரியும், ஆனா அவ மாநிறமா கருப்பான்னு பாருங்க, ரத்தம் ஏறுறது எல்லாருக்கும் ஒண்ணுதான், நிறம் அவ்வளவா தெரியாது, சூடுதான் தெரியும். அகநானூறு 16வது பாட்டு பாருங்க. தெருவுல தனியா வெளையாடுற பிள்ளைய அப்பனோட பரத்தை தூக்கி கொஞ்சுறா, பிள்ளையோட அம்மாவே வந்து நிக்கிறா, இவ தவிச்சுப் போறா. அம்மாவோ "நீயும் இவனுக்குத் தாய்தான்"னு சொல்லி அணைச்சுக்கிறா. அப்பதான் 'களவு உடம்படுநரின் கவிழ்ந்து நிலம் கிளையா நாணி நின்றோள்', திருட்ட ஒத்துக்கிட்டவ மாதிரி தலை குனிஞ்சு தரையக் கீறிட்டு நிக்கிறா. முகம் சிவந்துச்சுன்னு ஒரு வார்த்தை இல்ல, ஆனா எனக்கு அந்த முகம் அப்படியே தெரியுது.

கேள்வி: வெட்கம், கூச்சம், நாணம் எல்லாம் ஒண்ணுதானே சார்?

பதில்: இல்லம்மா. கூச்சம் உடம்போடது, ஐஸ் பட்டா பல்லு கூசும், வெயில்ல கண்ணு கூசும், புது ஆளுங்ககிட்ட பேச கூசுறதும் அந்த வழிதான். வெட்கம் 'வெள்கு'ங்கிற வினையிலேந்து வந்தது, பேச்சுல வெக்கம். நாணம் இப்ப எழுத்துலதான். நாணத்த பொண்ணுங்களுக்கு மட்டும் எழுதி வைக்காதீங்க.

கேள்வி: தொல்காப்பியமே 'அச்சமும் நாணும் மடனும்' பெண்பாலுக்குன்னுதானே சொல்லுது?

பதில்: சொல்லுது, களவியல்ல, காதல் பத்தின இடத்துல. ஆனா குறள்ல நாணுடைமைன்னு தனி அதிகாரமே இருக்கு, 102வது. முதல் குறளே 'கருமத்தால் நாணுதல் நாணு', அதாவது தகாத செயலுக்கு வெட்கப்படுறதுதான் நாணம், பொண்ணுங்களோட நாணம் வேறன்னு பிரிச்சுடுறார். அது ஆம்பளைக்கும் சேர்த்துதான்.

கேள்வி: அப்ப நாணமில்லாத ஆம்பளைய குறள் என்ன சொல்லுது?

பதில்: அதே அதிகாரத்தோட கடைசிக் குறள் படிங்க. மனசுல நாண் இல்லாதவன் நடமாடுறது, மரப்பொம்மை கயித்தால ஆடி உயிர் இருக்கிற மாதிரி காட்டுறதுதானாம். கயிறுக்கும் நாண்தான் பேரு, ஒரே சொல்ல வச்சு எவ்வளவு பலமா அடிக்கிறார்!

கேள்வி: 'கன்னம் சிவந்தது' சரியா?

பதில்: முதல் பதில்லயே இருக்குங்க.

கேள்வி: எனக்கு திடீர்னு முகம் குப்புனு சூடாகி செவக்குது, தமிழ்ல இதுக்கு பேரு என்ன?

பதில்: பேரு அப்புறம் தேடலாம், முதல்ல டாக்டர பாருங்க.

கேள்வி: ஒரு வரி சொல்லுங்க சார், பிளஷ்க்கு என்ன போடட்டும்?

பதில்: அந்தப் பொண்ணு கையி அந்த நேரத்துல என்ன செய்யுதுன்னு கதையில பாருங்க, அத எழுதுங்க.