நுகர்வோர் கேள்வி-பதில்: பத்தாயிரம் பிராம்ப்ட் வாங்கினேன், ஊறுகாய் விற்கவில்லை

இந்த வாரக் கடிதங்களில் பெரும்பாலானவை ஏஐயைக் கொண்டு பேஸ்புக், இன்ஸ்டாகிராம் பதிவு எழுதுவது பற்றியவை. எழுதியவர்கள் சிறு வியாபாரிகள் அல்லது அவர்களிடம் வாங்கியவர்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: வீட்டிலேயே நார்த்தங்காய், மாவடு போட்டு விற்கிறேன். "10,000 ஏஐ பிராம்ப்ட்கள், இனி உங்கள் பதிவைப் பார்த்தவர்கள் வாங்காமல் போக மாட்டார்கள்" என்ற விளம்பரத்தை நம்பி 999 ரூபாய் கட்டினேன். இரண்டு மாதமாக அதிலிருந்துதான் எடுத்துப் போடுகிறேன். நானே எழுதியபோது வந்த ஆர்டர்கூட இப்போது வரவில்லை. எனக்குத்தான் பயன்படுத்தத் தெரியவில்லையா, அம்மா? — வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் மீது ஒரு தவறும் இல்லை, சகோதரி. உங்களுக்குத் தேவையே இல்லாததை உங்களுக்கு விற்றிருக்கிறார்கள்.

பிராம்ப்ட் என்பது ஏஐயிடம் நாம் சொல்லும் வேலைக் குறிப்பு, அவ்வளவுதான். தையல்காரரிடம் ரவிக்கைக்கு அளவு சொல்வதைப் போன்றது. அடுத்தவர் அளவை எத்தனை ஆயிரம் வாங்கினாலும் உங்கள் ரவிக்கை உங்களுக்குப் பொருந்தாது. 2023-இல் என் அண்ணியின் கடைக்காக நானும் 499 ரூபாய் கொடுத்து இப்படி ஒரு தொகுப்பு வாங்கினேன். ஓர் இரவு உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தேன். "நீ ஓர் அனுபவமிக்க விளம்பர நிபுணர். என் தொழிலுக்கு ஈர்ப்பான பதிவு எழுது" என்ற ஒரே வரிதான். தொழில் மட்டும் பேக்கரி, பல் மருத்துவமனை, யோகா வகுப்பு என்று மாறிக்கொண்டே போகிறது. பிறகு அதே வரி "உற்சாகமான நடையில்", அதே வரி "உணர்ச்சிகரமான நடையில்". நூறு தொழில், பத்து நடை, பத்து வடிவம். பெருக்கிப் பாருங்கள், பத்தாயிரம் வந்துவிடும். இதை உழைப்பு என்று சொல்லி விற்பவர்கள் மீது எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

நீங்கள் அனுப்பிய இரண்டு பதிவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். ஏஐ எழுதித் தந்தது: "பாட்டியின் கைமணம், பாரம்பரியத்தின் சுவை! ஒவ்வொரு துளியிலும் அன்பு! இன்றே ஆர்டர் செய்யுங்கள்!" முன்பு நீங்களே எழுதியது: "நேற்று மழை. நார்த்தங்காய் இன்னும் இரண்டு நாள் வெயிலில் காய வேண்டும். சனிக்கிழமைதான் பாட்டிலில் போடுவேன். இந்தத் தடவை பன்னிரண்டு பாட்டில்தான் தேறும்." முதல் பதிவை முறுக்குக்கும் போடலாம், மிளகாய்ப் பொடிக்கும் போடலாம். இரண்டாவதைப் படித்ததும் எனக்கே ஒரு பாட்டில் சொல்லிவைக்கத் தோன்றியது.

ஏஐ ஏன் அப்படி எழுதுகிறது? கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்து எழுதுவது அதன் வேலை. நீங்கள் விவரம் தராவிட்டால், எல்லோரும் எழுதித் தேய்ந்த வரிதான் முதலில் வரும். அது படித்ததில் ஆங்கிலம் மிக அதிகம், தமிழ் குறைவு. அதனால்தான் அதன் தமிழில் ஆங்கில விளம்பரத்தின் வாடை அடிக்கிறது.

ஆகவே இப்படிச் செய்து பாருங்கள். உங்கள் பழைய பதிவுகளில் நன்றாக விற்ற மூன்றை அப்படியே ஏஐயில் ஒட்டுங்கள். அதன் கீழே, உங்கள் பேச்சிலேயே எழுதுங்கள்: "இவை நான் எழுதியவை. இதே நடையில் ஐந்து வரிக்குள் ஒரு பதிவு வேண்டும். இந்த வாரம் மாவடு வந்திருக்கிறது. எட்டு கிலோதான் கிடைத்தது. கால் கிலோ பாட்டில் இவ்வளவு ரூபாய். உள்ளூருக்கு மட்டும் கொடுப்பேன். பாரம்பரியம், கைமணம், அன்பு என்ற சொற்கள் வேண்டாம். நான் சொல்லாத எதையும் நீயாகச் சேர்க்காதே. எழுதுவதற்கு முன், உனக்கு என்ன தெரிய வேண்டுமோ அதை என்னிடம் கேள்." அந்தக் கடைசி வாக்கியத்தை மறக்காமல் சேருங்கள். அது கேட்கும் கேள்விகளுக்கு நீங்கள் சொல்லும் பதிலில்தான் பதிவுக்கான சரக்கு இருக்கும். வந்ததை உரக்கப் படியுங்கள். உங்கள் வாயில் வராத சொல் இருந்தால் அடித்துவிடுங்கள்.

999 ரூபாயைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள். "வியாபாரத்துக்காக வாங்கினீர்கள், நீங்கள் நுகர்வோர் இல்லை" என்று பதில் வந்தால் பயப்பட வேண்டாம். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக வாங்குபவரையும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோர் என்றே ஏற்கிறது.

கேள்வி: நிறையப் பேர் வாங்கிப் பாராட்டியது போல ஏஐயிடம் பத்து விமர்சனம் எழுதி வாங்கி என் பக்கத்தில் போடலாமா? — வாசகர், சேலம்

பதில்: கூடாது. விற்பவரே வாங்கியவர் போல விமர்சனம் எழுதுவதை, இணைய விற்பனைக்கான 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் தடை செய்கின்றன.

கேள்வி: என் மகன் பட்டம் முடித்து வேலை இல்லாமல் இருந்தான். "ஏஐ மூலம் பதிவுகள் தயாரித்து மாதம் 50,000 சம்பாதிக்கலாம், இல்லையென்றால் முழுப் பணமும் திருப்பித் தருவோம்" என்ற பயிற்சிக்கு நகையை அடகு வைத்து 18,000 கட்டினோம். நான்கு நாள் இணைய வகுப்பு நடந்தது. பிறகு வாட்ஸ்அப் குழுவை மூடிவிட்டார்கள். போன் எடுப்பதில்லை. மகன் யாரிடமும் பேசாமல் இருக்கிறான். — ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: அம்மா, முதலில் உங்கள் மகனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: ஏமாந்தவன் குற்றவாளி இல்லை. வேலை தேடும் பிள்ளையின் தவிப்பை அளந்து பார்த்து விலை வைத்தவர்கள்தான் தலைகுனிய வேண்டியவர்கள்.

இன்றே செய்ய வேண்டியது: விளம்பரம், பணம் கட்டிய ரசீது, குழுவில் வந்த செய்திகள் அனைத்தையும் படம் எடுத்து வேறு ஓரிடத்திலும் சேமித்துவையுங்கள். பணம் போன கணக்கின் பெயரையும் விளம்பரத்தில் இருந்த பெயரையும் ஒப்பிடுங்கள். பெயரே பொய், ஆளே இல்லை என்றால் அது சைபர் மோசடி. 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யுங்கள். அதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். நிறுவனம் உண்மையாக இருந்து பணம் தர மறுத்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே மனு தாக்கல் செய்யலாம். இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும், ஆனால் அதுவரை காத்திருக்காதீர்கள். "முழுப் பணமும் திருப்பித் தருவோம்" என்ற வரி உள்ள விளம்பரம்தான் உங்கள் பலமான சாட்சி.

கேள்வி: திருமணப் புகைப்படக்காரன் நான். படத்துக்கு வாசகம் எழுதித் தரும் ஏஐ செயலியை ஏழு நாள் இலவசம் என்று எடுத்தேன். ஐந்து மாதமாக மாதம் 799 ரூபாய் போயிருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை. — வாசகர், நாகர்கோவில்

பதில்: தெரியவில்லை என்று நான் எப்படி ஏற்பேன்? தானாகப் பணம் பிடிக்கும் ஏற்பாட்டில், பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. உங்கள் போனில் பழைய எஸ்எம்எஸ்களைத் தேடுங்கள். ஐந்து முறை வந்திருந்தால், 3,995 ரூபாய் போகும் தகவலைப் படிக்காமல் விட்டது நீங்கள்தான். கல்யாண வீட்டில் ஓர் ஆளின் இமை மூடியதைக்கூடக் கவனிக்கிறவர் நீங்கள். உங்கள் வங்கிச் செய்தியையும் அப்படிப் பாருங்கள்.

இப்போதே யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்த அனுமதியை ரத்து செய்யுங்கள். செயலியைப் போனிலிருந்து நீக்கினால் மட்டும் சந்தா நிற்காது. தகவலே வரவில்லை என்றால் வங்கியில் புகார் கொடுங்கள். ரத்து செய்யும் பொத்தானை ஒளித்து வைத்திருந்தார்கள் என்றால் அதுவும் புகாருக்குரியது. வாடிக்கையாளரைச் சந்தாவில் சிக்கவைப்பது, செயலிகளும் தளங்களும் வாங்குபவரை ஏமாற்றக் கையாளும் உத்திகளில் 2023 நவம்பரில் மத்திய அரசு தடை செய்த 13-இல் ஒன்று.

கேள்வி: எங்கள் சிறுதானியக் கஞ்சி மாவுக்கு ஏஐ "சர்க்கரை நோயை வேரோடு குணப்படுத்தும்" என்று எழுதித் தந்தது. போட்டோம். ஒருவர் சட்டப்படி குற்றம் என்கிறார். எழுதியது ஏஐதானே? — வாசகர், மதுரை

பதில்: போட்டது நீங்கள். உடனே எடுத்துவிடுங்கள். சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று மருந்தை விளம்பரப்படுத்துவதையே 1954-ஆம் ஆண்டு மருந்து மற்றும் மாய நிவாரண விளம்பரச் சட்டம் தடுக்கிறது. உணவுப் பொருள் நோயைக் குணமாக்கும் என்று சொல்ல உணவுப் பாதுகாப்பு விதிகளும் அனுமதிப்பதில்லை. உங்கள் பதிவை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா?

கேள்வி: இன்ஸ்டாகிராமில் படம் பார்த்து 1,850 ரூபாய்க்கு மதுரை சுங்குடிச் சேலை வாங்கினேன். வந்தது பிரிண்ட் போட்ட செயற்கை இழைத் துணி. கேட்டால், "அது ஏஐ படம், மாதிரிக்குத்தான். திருப்பி எடுக்க மாட்டோம்" என்கிறார்கள். — வாசகி, கோயம்புத்தூர்

பதில்: எடுத்தே ஆக வேண்டும். காட்டிய படத்துக்கும் சொன்ன தன்மைக்கும் மாறான பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது என்று மின்வணிக விதிகள் சொல்கின்றன. "ஏஐ படம்" என்று அவர்களே எழுதி ஒப்புக்கொண்ட செய்தியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, 1915-இல் புகார் செய்யுங்கள். பில் தரவில்லையென்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நீங்கள் அனுப்பிய விளம்பரப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மடிப்பு திரும்பும் இடத்தில் கரை திரும்பாமல் நேராக ஓடுகிறது. புள்ளிகள் அச்சில் வார்த்தது போல ஒரே அளவு. கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்க்கும் சுங்குடியில் புள்ளிக்குப் புள்ளி சிறிது வேறுபடும். புதுச் சேலையில் முடிச்சு இருந்த இடம் விரலுக்குத் தட்டுப்படும். அடுத்த முறை, சேலையைக் கையில் பிடித்து எடுத்த வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் வாங்காதீர்கள்.

கேள்வி: பதிவு எழுத மட்டும் ஏஐ வேண்டும். பணம் கட்டி வாங்கலாமா? ஒரு நிறுவனம் "வாழ்நாள் சந்தா" தருகிறது. — வாசகர், தஞ்சாவூர்

பதில்: வாரம் நான்கு பதிவு எழுத இலவசச் சேவை போதும். 2025-இல் மாதம் 399 ரூபாய்க்கு வந்த சாட்ஜிபிடி கோ என்ற சந்தா, அதே ஆண்டு நவம்பரில் ஓராண்டுக்கு இலவசமானது. ஜியோவும் ஏர்டெல்லும்கூடத் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஏஐ சந்தாக்களை இலவசமாகக் கொடுத்தன. இலவசக் காலம் முடியும் தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். "வாழ்நாள்" என்பது உங்கள் வாழ்நாள் இல்லை, அந்த நிறுவனத்தின் வாழ்நாள். பதிவுகளை நேரம் குறித்து வெளியிடும் சேவை ஒன்றுக்கு நான் 3,200 ரூபாய் வாழ்நாள் சந்தா கட்டினேன். பதினோராவது மாதம் தளமே திறக்கவில்லை. மூன்று மின்னஞ்சல் அனுப்பியும் பதில் வரவில்லை. கட்டத்தான் வேண்டுமென்றால், ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள்.