ஜெர்மன் மொழியில் 'கிஃப்ட்' என்றால் விஷமாமே, உண்மையா? ஆங்கிலத்தில் பரிசு, அங்கே எப்படி விஷமானது?

உண்மைதான். இரண்டும் தற்செயலாக ஒத்து ஒலிக்கும் சொற்களும் அல்ல, ஒரே வேர்தான். ஆங்கிலத்தில் கிவ், ஜெர்மனில் கேபன், அதாவது 'கொடு'. அதிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் கிஃப்ட். பழைய ஜெர்மனிலும் அதற்குக் கொடை என்றுதான் பொருள்.

விஷம் கலந்தது வைத்தியத்தின் வழியாக. கிரேக்கத்தில் 'டோசிஸ்' என்றாலும் கொடுப்பதுதான். ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்துக்கும் அதுவே பெயரானது. நாம் மருந்துக்கடையில் கேட்கும் டோஸ் அதன் வாரிசு (ஆபீஸில் வாங்கும் டோஸும்தான்). இந்தச் சொல் லத்தீனுக்குப் போய், அங்கிருந்து ஜெர்மனுக்கு வந்தபோது 'கிஃப்ட்' என்று அப்படியே பொருள்பெயர்த்துக்கொண்டார்கள். கொடுக்கிற மருந்து கொல்கிற மருந்தாக மாற அதிக தூரம் இல்லை. பிரெஞ்சிலும் இதே கதை: 'குடிப்பது' என்று பொருள்பட்ட லத்தீன் 'போட்டியோ'தான் அங்கே 'புவாசோன்', அதாவது விஷம் ஆனது. இதில் இடக்கரடக்கலுக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். விஷம் என்று வாய்விட்டுச் சொல்லாமல், 'ஏதோ கொடுத்துட்டாங்க' என்று நம் ஊரிலும் சொல்வதில்லையா?

கொடை என்ற பழைய பொருள் ஜெர்மனில் ஓர் இடத்தில் மட்டும் பிழைத்திருக்கிறது: 'மிட்கிஃப்ட்'. மணப்பெண்ணோடு கொடுத்தனுப்பும் சீர், வரதட்சணை. இன்றைய பொருளில் பிரித்துப் படித்தால் 'கூடவே வரும் விஷம்'. பெண்ணைப் பெற்றவர்கள் மறுக்க மாட்டார்கள்.

ஸ்வீடிஷில்தான் வேடிக்கை. அங்கே கிஃப்ட் ('யிஃப்ட்' என்பார்கள்) என்றால் திருமணமானவர், விஷம், இரண்டும்! டேனிஷ், நார்வேஜியன் மொழிகளிலும் அப்படியே. அதை வைத்துக் கணவன்மார் அடிக்கும் ஜோக்குகளை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். முதல் பொருள் விளங்காத ஒன்றல்ல, நாமும் 'பெண் கொடுத்தோம்' என்கிறோமே. விஷம் மட்டும் ஜெர்மன் பக்கமிருந்து வந்த இறக்குமதி. டச்சுக்காரர்கள் குழப்பம் வேண்டாம் என்று பிரித்துவிட்டார்கள்: 'கிஃப்ட்' நன்கொடை, கடைசி எழுத்தை வெட்டினால் 'கிஃப்', விஷம்.

சரி, ஆங்கிலம்? பழைய ஆங்கிலத்தில் 'யிஃப்ட்' என்று ஒலித்த இதே சொல்லுக்கு, மணப்பெண்ணுக்காகக் கொடுக்கும் பரிசப்பணம் என்று பொருள். பன்மையில் சொன்னால் கல்யாணம். இன்று நாம் சொல்லும் 'கி' ஒலி பிற்பாடு வைக்கிங்குகளின் நார்ஸ் மொழிச் செல்வாக்கால் வந்தது. அந்த நார்ஸுக்கு மிக நெருக்கமாக இன்றும் இருக்கும் ஐஸ்லாந்து மொழியில் 'கிஃப்டா' என்றால் நல்லதிர்ஷ்டம். விஷத்துக்கு அவர்களிடம் வேறு சொல் இருக்கிறது.