எல் நினோ வந்தால் பருவமழை கட்டாயம் பொய்க்குமா?

செய்தித் தலைப்பு எதையோ படித்துக் கலங்கித்தான் இப்படிக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கட்டாயமில்லை. பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்தைவிடச் சூடேறுவதைத்தான் எல் நினோ என்கிறோம்; அது வந்தாலே மழை பொய்க்கும் என்பதில்லை. இதை இரண்டு முறை சூடுபட்டுத் தெரிந்துகொண்டவன் நான்.

1997இல் மேல்நிலை வகுப்புகளுக்குப் புவியியல் எடுத்துக்கொண்டிருந்தேன். பசிபிக்கில் கிழக்கிலிருந்து மேற்கே வீசும் வணிகக் காற்று தளர்ந்தால், மேற்கே குவிந்திருக்கும் வெதுவெதுப்பான நீர் கிழக்கே நகரும், மேகம் திரளும் இடமும் அதனோடு பெயரும், நம் பக்கம் காற்று கீழிறங்கி மழையைத் தடுக்கும் என்று கரும்பலகையில் அம்புக்குறிகள் போட்டு விளக்கியவன், அதோடு நிறுத்தாமல், "இந்த ஆண்டு வறட்சிதான், எழுதிக்கொள்ளுங்கள்" என்றும் சொல்லிவிட்டேன். அது அந்த நூற்றாண்டின் மிக வலிய எல் நினோக்களில் ஒன்று. ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை நாடு முழுவதும் பெய்த மழையோ சராசரியில் 102 விழுக்காடு. மழையில் நனைந்து மை கரைந்திருந்த குறிப்பேட்டை ஒரு மாணவன் என் மேசைமேல் விரித்து, "வறட்சி எப்போது சார் வரும்?" என்றான்.

அந்த ஆண்டு இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி சூடேறி, சுமத்ராவை ஒட்டிய பகுதி குளிர்ந்திருந்தது. அந்த வேறுபாடு எல் நினோவின் பிடியைத் தளர்த்தியது என்பது பரவலான விளக்கம். 'இந்தியப் பெருங்கடல் இருமுனை' என்று ஆய்வாளர்கள் அதற்குப் பெயரிட்டதே 1999இல்தான் என்பதால், எனக்குத் தெரிந்திருக்க வழியில்லை என்று இன்றும் வாதாடுவேன்.

2002க்கு அந்தச் சாக்கும் கிடையாது. மிதமான எல் நினோதானே, பயப்பட வேண்டாம் என்றேன். ஜூலையில் வழக்கமான மழையில் பாதிகூடப் பெய்யவில்லை. பருவம் முழுவதற்கும் 19 விழுக்காடு குறைவு. 1997இல் பசிபிக்கின் கிழக்கு ஓரம் கொதித்தது. 2002இல் சூடு நடுப்பகுதியில் நின்றது. நடுவில் நிற்கும் சூடுதான் நமக்குப் பெரும்பாலும் கேடு.

எல் நினோவுக்கும் மழைக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொண்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பெரும் வறட்சிகள் பல எல் நினோ ஆண்டுகளில்தான் வந்தன. கடல் எங்கே, எவ்வளவு சூடேறியிருக்கிறது என்று ஒரு வரிகூட எழுதாமல் 'எல் நினோ மிரட்டல்' என்று மட்டும் அச்சிடுகிறவர்கள்மேல்தான் எனக்கு ஆத்திரம்.

எந்தப் பருவமழையைக் கேட்கிறீர்கள் என்பதையும் நீங்கள் சொல்லவில்லை. இதுவரை நான் சொன்னதெல்லாம் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழையைப் பற்றித்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை, எல் நினோ ஆண்டுகளில் பெரும்பாலும் சற்றுக் கூடுதலாகவே பெய்கிறது.