தும்புத்தூள் பையில் செடி ஏன் தீய்கிறது?

கேள்வி: அண்ணாச்சி, பாளையங்கோட்டையில் மாடித்தோட்டம் போட்டிருக்கிறேன். மாடியில் பாரம் ஏறக்கூடாது என்று மண்ணே சேர்க்காமல், 5 கிலோ தும்புத்தூள் (தேங்காய் நார்த்தூள், கோகோபீட்) கட்டி ஒன்றை போர் தண்ணீரில் ஊறவைத்து, ஆறு பைகளில் நிரப்பித் தக்காளி, கத்தரி, மிளகாய் நட்டேன். முதல் மாதம் நன்றாக வந்தது. இப்போது அடி இலை மஞ்சளாகிறது, இலை ஓரம் தீய்ந்த மாதிரி இருக்கிறது. தக்காளிக் காயின் அடிப்பக்கம் கறுத்துவிடுகிறது. மேலே காய்ந்து தெரிவதால் காலை, மாலை இரண்டு வேளையும் தண்ணீர் விடுகிறேன். வீணாகப் போகிறதே என்று ஆர்.ஓ. மெஷினின் கழிவு நீரையும் ஊற்றுகிறேன். எங்கள் போர் தண்ணீர் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு) 1,400 என்று மெஷின் மாட்ட வந்தவர் சொன்னார். இது என்ன நோய்? என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: தங்கச்சி, மருந்துக் கடைக்குப் போக வேண்டாம். இது நோய் இல்லை, உப்பு. கூடவே பட்டினி.

முதலில் அந்த ஆர்.ஓ. கழிவு நீரை இன்றைக்கே நிறுத்துங்கள். மெஷின் நல்ல தண்ணீரை உங்களுக்குக் கொடுத்துவிட்டு, உப்பை எல்லாம் கழிவில்தான் தள்ளுகிறது. பாதித் தண்ணீர் கழிவாகப் போனால்கூட உங்கள் 1,400 அங்கே 2,700 பக்கம் வந்துவிடும். வாசல் கழுவ, கழிப்பறைக்கு ஊற்ற வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தும்புத்தூள். தேங்காய்க் கதம்பையில், அதாவது மட்டையில், பொட்டாசியமும் சோடியமும் இயல்பாகவே உண்டு. கதம்பையை உப்பங்கழியில் ஊறப்போட்டுத் தும்பு எடுத்திருந்தால் கடல் உப்பும் அதில் ஏறியிருக்கும். அதை அலசாமல் அழுத்திக் கட்டியாக்கியதும் கடையில் கிடைக்கிறது, நன்றாக அலசியதும் கிடைக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். வாங்கும்போது ‘லோ ஈசி’ என்று கேட்டு வாங்க வேண்டும். ஈசி என்பது உப்பின் அளவைக் காட்டும் எண். ஈசி 0.5-க்குக் கீழே இருந்தால் நாற்றுக்குக்கூடப் பயமில்லை. நானும் ஒருமுறை இதில் ஏமாந்திருக்கிறேன். நாங்குநேரிப் பக்கம் ஒரு கிணற்றின் சவர்த் தண்ணீரிலேயே கட்டியை ஊறவைத்து, அதில் மிளகாய் விதை போட்டுவிட்டு, விதை சரியில்லை என்று விற்றவரோடு சண்டைக்குப் போனவன் நான். குழித்தட்டின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நின்றதைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. உங்கள் பையின் வெளிப்பக்கத்தையும் துளையைச் சுற்றியும் பாருங்கள், அதே வெள்ளை இருக்கும்.

தக்காளி அடி கறுப்பதும் இதன் தொடர்ச்சிதான். தும்புத்தூள் தன்னிடம் இருக்கும் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் விட்டுவிட்டு, தண்ணீரிலும் உரத்திலும் வரும் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காய்க்குப் போக வேண்டிய கால்சியம் போகாது. உப்புக்குள் நிற்கிற வேரும் இருப்பதைச் சரியாக இழுக்காது. அடி இலை மஞ்சளாவது தழைச்சத்துக் குறைவு. தும்புத்தூளில் செடி நிற்க இடம் உண்டு, குடிக்கத் தண்ணீர் உண்டு, சாப்பாடு கிடையாது. முதல் மாதம் நன்றாக வந்தது நாற்றோடு வந்த மண்ணின் தயவு.

அப்புறம் தண்ணீர். தும்புத்தூள் தன் எடையைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் நீர் பிடிக்கும். ஆனி, ஆடிக் காற்றில் மேல் ஓர் அங்குலம் காய்ந்து வெளுத்துக் கிடக்கும், அடியில் சொதசொதவென்று இருக்கும். மேலே பார்த்து ஊற்றாதீர்கள். இரண்டு விரலை முழுசாக உள்ளே விடுங்கள், ஈரம் தட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்.

செடியைப் பிடுங்க வேண்டாம். ஒவ்வொரு பையிலும் இருபத்தைந்து, முப்பது லிட்டர் நல்ல தண்ணீரை நிறுத்தி நிறுத்தி ஊற்றி, அடித்துளை வழியாக ஓட விடுங்கள். போர் தண்ணீர் கூடாது. குழாயில் வருகிற தாமிரபரணித் தண்ணீர் போதும், மழைத் தண்ணீர் கிடைத்தால் இன்னும் நல்லது. முதலில் கடுங்காப்பி நிறத்தில் இறங்கும், போகப்போகத் தெளியும். இரண்டு நாள் கழித்துப் பைக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போட்டுக் கிளறுங்கள். வாரம் ஒருமுறை 19:19:19 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ளது) லிட்டருக்கு 2 கிராம் கரைத்து ஊற்றுங்கள். ரசாயனம் வேண்டாம் என்றால் லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம். தக்காளிக்கு மட்டும் கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு 5 கிராம் வீதம் பத்து நாளுக்கு ஒருமுறை சாயங்காலம் தெளியுங்கள். அதை வேறு உரத்தோடு கலக்காதீர்கள், திரிந்துவிடும்.

அடுத்த முறை கட்டி வாங்கினால், பெரிய டப்பில் வைத்து இருபத்தைந்து லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். ஓரம் உதிர்ந்து, நடுப்பகுதி மெல்ல நெகிழ்ந்து, எழுபது லிட்டர் அளவுக்குப் பொங்கி வரும். சாக்கில் அள்ளிப்போட்டு இரண்டு மூன்று முறை அலசி வடித்துவிடுங்கள். பிறகு 20 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து, ஓர் இரவு அதில் ஊறவைத்து, மறுபடி ஒரு தடவை அலசுங்கள். கைப்பிடி அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் இரண்டொரு சொட்டு விழ வேண்டும், ஒழுகக்கூடாது.

அதைத் தனியாக நிரப்பாதீர்கள். தூள் ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. வெறும் மண் பையைவிட இது பாரம் குறைவுதான். செம்மண் என்று சொல்லித் தேரி மணலைக் கொண்டுவந்து இறக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிறம் சிவப்பு, ஆனால் அதில் தண்ணீர் நிற்காது.

கடையம், செங்கோட்டைப் பக்கம் தும்பு மில்லில் குவிந்து கிடக்கிற பச்சைத் தூளை ஆசைப்பட்டு அள்ளி வந்து அப்படியே போடாதீர்கள். அதில் கரிச்சத்து தழைச்சத்தைப்போல் நூறு மடங்குக்கு மேல் இருக்கும். அதை மக்கச் செய்கிற நுண்ணுயிர்கள் செடியின் பங்குத் தழைச்சத்தையும் பிடுங்கித் தின்றுவிடும். ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் ஒன்றரைக் கிலோ சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காயாமல் அறுபது நாள் மக்க விட்டால் நல்ல உரமாகிவிடும். ஆறு பைக்கு அந்தப் பாடு தேவையில்லை.

அடி கறுத்த காய் திரும்பத் தேறாது. செடியில் வைத்திருக்காமல் பறித்துவிடுங்கள். கறுத்த இடத்தை அரிந்து எறிந்துவிட்டு மீதியைக் குழம்புக்குப் போடலாம், ஒன்றும் செய்யாது.