காரில் 500 வாட் ஆம்ப் (பாட்டுக்கான ஆம்ப்ளிஃபயர்) போட்டதும் ஹெட்லைட் மங்குகிறது. பேட்டரியைப் பெரிதாக்கினால் போதுமா? (கொழிஞ்சாம்பாறை)

போதாது. இன்ஜின் ஓடும்போது கரண்ட் தருவது ஆல்டர்னேட்டர். பேட்டரி வெறும் இருப்புதான்.

500 வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரும் பவர்) கிளாஸ்-டி (மின்சாரம் குறைவாக வீணாகும் வகை) ஆம்ப், 80% திறன் என்றால் உச்சத்தில் சுமார் 45 ஆம்பியர் இழுக்கும். பாட்டு ஓடும்போது சராசரி அதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் ஜூன் மழையில், இரவில், வாளையாறு எல்லை வரிசையில் நிற்கிறீர்கள்; ஹெட்லைட், வைப்பர், ஏசி எல்லாம் ஓடுகின்றன. ஐடிலில் ஆல்டர்னேட்டர் முழு அளவு தராது. மங்கல் அங்கேதான் தொடங்கும்.

முதலில் வயர். ஆல்டர்னேட்டர் பிளஸ்ஸிலிருந்து பேட்டரிக்கு, பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கு, இன்ஜினிலிருந்து பாடிக்கு என மூன்றுக்கும் பழையதோடு சேர்த்து 25 சதுர மி.மீ. முழுச் செம்பு வயர் போடுங்கள். செம்பு பூசிய அலுமினியம் மலிவு, ஆனால் சூடாகும். ஆம்புக்கும் அதே வயர். பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் 60 ஆம்பியர் ஃபியூஸ். ஆல்டர்னேட்டர் வயருக்கு, ஆல்டர்னேட்டரின் ரேட்டிங்கைவிடச் சற்றுக் கூடிய ஃபியூஸ். ஃபியூஸ் இல்லாத வயர் தகட்டில் உரசினால் வண்டியே எரியும்.

எர்த்தில்தான் (மைனஸ் வயரைப் பாடியில் சேர்க்கும் இடம்) பலரும் கோட்டை விடுகிறார்கள். பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் போல்ட் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். இந்த ஈரத்தில் துரு சீக்கிரம் பிடிக்கும். பேட்டரி மைனஸ் முனையில் கரண்டை அளக்கும் சென்சார் உள்ள புது வண்டியில் எர்த்தைப் பாடியில்தான் கொடுக்க வேண்டும்.

பிறகு இன்ஜினை ஓடவிட்டு, சத்தத்தைக் கூட்டி, மல்டிமீட்டரில் பேட்டரியிலும் ஆம்பிலும் வோல்ட்டை அளந்து பாருங்கள். வித்தியாசம் 0.5 வோல்ட்டைத் தாண்டினால் வயர் அல்லது எர்த் கோளாறு. இரண்டு இடத்திலுமே 13 வோல்ட்டுக்குக் கீழே போனால்தான் பெரிய ஆல்டர்னேட்டர் வேண்டும். மங்கலைத் தடுக்கும் என்று விற்கும் கெப்பாசிட்டருக்குக் காசைக் கொட்டாதீர்கள்.